மடி கொடுக்க வந்த வோக்ஸ்வேகன்

இடுப்பில் தூக்கி வளர்த்த என் தம்பி சோலைக்கு,

உன் காரு ஓடிருச்சுலே.

கடுதாசி என்றால் முதலில் நலம் விசாரிக்கணும் என்று அஞ்சாப்பு வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். உன்னிடம் நலம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வந்துட்டேன். திருப்புல்லாணி வீட்டுக் கொல்லையிலிருந்து நயினார்கோவில் வரைக்கும் போய், போன வழியே திரும்பியும் வந்துவிட்டது. என் நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் போகவில்லை. அந்தக் கையால்தான் எழுதுகிறேன். தாளில் அங்கங்கே கறுப்பாகப் பட்டிருக்கும். உனக்கு அது மணக்கத்தான் செய்யும்.

மாரிக்குக் காது குத்துகிற பேச்சு நீ இருக்கும்போதே எடுத்தது. எனக்கு ஆண்பிள்ளை இல்லை, காளி ஒருத்திதான். அவளுக்கு உடன்பிறந்தான் இல்லாததால் அவள் மகள் மாரிக்குத் தாய்மாமன் என்று மடி கொடுக்க ஆளில்லை. நீதான் சொன்னாய்: "காளியை உக்கார வச்ச மடி இன்னும் திடமாத்தான் இருக்குக்கா. அவ மகளையும் நானே உக்கார வச்சுக்கிறேன். அதுவும் நடத்திக் கூட்டிட்டுப் போகமாட்டேன், என் காருலதான்."

அப்போது காரு நாலு கல்லு மேல் நின்றது. நீ அதுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு பேசினாய். உன் முகம் தெரியவில்லை. உன் காலைப் பார்த்துத்தான் நான் சரி என்றேன்.

பத்து நாளில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், அவ்வளவுதான். காரு கல்லு மேலேயே நின்றது. கொழும்பு கராஜில் இருபது வருஷம் உழைத்ததுக்கு உனக்கு மிஞ்சியது அது. நுவரெலியாத் தோட்டத்துத் துரை சீமைக்குக் கப்பலேறும்போது விட்டுப் போன வோக்ஸ்வேகனை நீ வாங்கி, தோணியில் ஏற்றித் தூத்துக்குடியில் இறக்கினாய். ரெண்டே கதவு, முதுகை வழித்து விட்ட மாதிரி ஒரு சரிவு. அதுக்குப் பேரு கூப்பே என்று நீ சொன்னாய். ஊர்ப் பிள்ளைகளுக்கு அது ஆமைக் காரு.

தை பிறந்ததும் பரமக்குடியிலிருந்து சம்பந்தி வந்தார். மாசியில் நாள் குறித்தாச்சு, நயினார்கோவிலில் வைத்துக் குத்திவிடுவோம், மடிக்கு மட்டும் ஆள் வேணும் என்றார். அவர் சொந்தத்தில் அரிசி மில்லு வைத்திருக்கிற ஒருத்தர் இருக்கிறாராம், சுத்தி வளைத்துப் பார்த்தால் மாமன் முறைதான் வருமாம். அவரை உட்கார வைத்துவிடலாம் என்றார். மனுஷன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் உன் இடத்தில் ஒரு மில்லுக்காரரா? எனக்கு நெஞ்சுக்கு முந்தி வாய் ஓடிவிட்டது.

"என் தம்பி காரு வரும் சம்பந்தி. மாரி அவன் சீட்டுல உக்காந்து குத்திக்கிரும்."

என் வீட்டுக்காரர், அதான் உன் மச்சான், என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதை எழுதினால் தாள் தீப்பிடிக்கும். சம்பந்தி சிரித்துவிட்டார்.

"ஓடாத காரா வரும்?"

"ஓடும்."

"சரி. எமகண்டம் பிறக்குறதுக்கு முன்னாடி கோயில் வாசல்ல காரு வந்து நின்னா உங்க இஷ்டம். நிக்கலேன்னா மில்லுக்காரர் மடி."

சொல்லிவிட்டு மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் கொல்லைக்குப் போய்க் காரைப் பார்த்தேன். உள்ளே காலை வைத்தேன், கால் தரையைப் பொத்துக்கொண்டு மண்ணில் நின்றது. உப்புக்காத்து அடித்தட்டை அரித்துத் தின்றிருந்தது. பின்பக்கம் மூடியைத் தூக்கினால், ஃபேன் பெல்ட்டை எலி கடித்து நாலு துண்டாகப் போட்டிருந்தது. ஏதாவது செய்யணுமே என்று ஒரு வயரைப் பிடித்து இழுத்தேன்.

"மதினி, அதை இழுக்காதீங்க. அது பிளக்கு வயர்."

யாரு என்று நினைக்கிறாய்? உன் பொண்டாட்டி பஞ்சவர்ணம். நீ போன நாளிலிருந்து உள்ளறையை விட்டு வராதவள், சோறு வேணுமா என்றால்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிறவள், கொல்லை வாசலில் நிற்கிறாள். நான் வயரை விட்டேன். அவள் வந்து அதைத் தடவிச் சரியாகச் சொருகினாள். கொழும்பு கராஜ் முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை உன் பக்கத்தில் நின்று அவள் எத்தனை பார்த்திருக்கிறாள் என்று எனக்கு நீ சொல்லவே இல்லையே, ஏன்? காரு ஓட்டவும் கற்றுக்கொடுத்திருக்கிறாய், படம் ஒட்டின லைசென்ஸ் வேறே எடுத்துக் கொடுத்திருக்கிறாய். அது இலங்கை லைசென்ஸ், இங்கன செல்லுமா என்று யாரையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே.

நீ கழற்றி வைத்த சாமானெல்லாம் மாவு டின்களில் கிடந்தது. எந்த டின்னில் எது என்று மூடியைத் திறக்காமலே சொன்னாள். இருக்கிறது எது, இல்லாதது எது என்று ரெண்டு பேரும் பிரித்துப் போட்டோம். பெல்ட்டு இல்லை. பாயிண்ட் தேய்ந்து போச்சு. நகத்தளவு சாமான்தான், ஆனால் அது ஒட்டி ஒட்டிப் பிரிந்தால்தான் எஞ்சினுக்குள் நெருப்புப் பொறி பறக்குமாம். பிரேக்குக்குள் இருக்கிற ரப்பர் வெடித்துப் போச்சு. பேட்டரி செத்துப்போச்சு. ராமநாதபுரம் பஸ் ஷெட்டில் ஆள் விட்டுக் கேட்டேன். அங்கே இருப்பதெல்லாம் பன்னெண்டு வோல்ட்டு, உன் ஆமைக்கு ஆறுதான் தாங்குமாம்.

கீழக்கரைக் காசிம் மரைக்காயர்தான் கைகொடுத்தார். உன் கொழும்புக் கூட்டாளி இல்லையா, உன் பேரைச் சொன்னதும் மாட்டுவண்டி கட்டி வந்துவிட்டார், அடுத்த கப்பலில் கொழும்பு போய் வாங்கி அனுப்புகிறேன் என்றார். தேய்ந்த பாயிண்டைத் தாளில் வைத்து, சுற்றிப் பென்சிலால் வரைந்து கொடுத்தேன். ரப்பருக்கும் அப்படியே. பெல்ட்டுக்கு என்ன செய்ய? அரைஞாணுக்கு அளவு எடுக்கிற மாதிரி நூலைச் சக்கரங்களைச் சுற்றிப் போட்டு, முடிச்சுப் போட்டு அவர் கையில் கொடுத்தேன்.

"சோலை என் மவுத்துக்குத் தோள் கொடுக்க வருவான்னு நெனச்சிருந்தேன்க்கா. இப்ப நான் அவன் காருக்கு நூல் கொண்டு போறேன்," என்றார். கண்ணைத் துடைத்துவிட்டு நூலைப் பர்சுக்குள் வைத்தார்.

தனுஷ்கோடியில் கப்பலேறும்போது கஸ்டம்ஸ்காரர் அந்த நூலை எடுத்து, மந்திரிச்ச கயிறா ஹாஜியார் என்று கேட்டாராம். இல்லை சார், ஒரு காரோட இடுப்பளவு என்றாராம் இவர். ஒரு மாசத்தில் எல்லாம் வந்து சேர்ந்தது, பேட்டரி மட்டும் வரவில்லை. அது பிறகு வரும், இன்ஷா அல்லாஹ் என்று சீட்டு எழுதி வைத்திருந்தார்.

பெல்ட்டை மாட்டினால் தொளதொள. நூலைச் சக்கரத்தின் பள்ளத்துக்குள் விடாமல் விளிம்பு மேலே விட்டு அளந்திருக்கிறேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பஞ்சவர்ணம் சக்கரத்தைப் பிரித்தாள். நடுவில் மெல்லிசாக வளையங்கள் அடுக்கியிருந்தன. ரெண்டை எடுத்து வெளிப்பக்கம் போட்டு மறுபடி முடுக்கினாள். பள்ளம் குறுகி, பெல்ட்டு விண்ணென்று ஏறி உட்கார்ந்தது. என் தப்பு அளவுக்கும் சேர்த்து அந்தச் சீமைக்காரன் ஒரு வழி வைத்திருக்கிறான் பாரு.

தரை வேலை உன் மச்சானுக்கு. தோணி கட்டுகிற ஓடாவியிடம் போய்த் தகரம் அடிக்கச் சொன்னால் அடிப்பாரா? "இரும்பு இந்தக் காத்துக்கு நிக்காது, மரம்தான் நிக்கும்," என்று ஒரே பிடியாக நின்றார். தோணிக்கு வாங்கிப் போட்டிருந்த வாகைப் பலகையை அறுத்து, சுற்றிலும் இருந்த நல்ல இரும்பில் போல்ட்டுப் போட்டு இறுக்கினார். இடுக்கில் பஞ்சை வைத்து உளியால் அடித்து, குங்கிலியத்தைக் காய்ச்சி ஊற்றினார். முடித்துவிட்டு, கடல்ல தள்ளினாலும் இது மிதக்கும் என்றார். எனக்கு ரோட்டுல ஓடினாப் போதும் என்றேன்.

பேட்டரி இல்லாமல் ஸ்டார்ட் பண்ண ஒரே வழி தள்ளுவதுதான். தோணி தள்ளுகிற ஆட்கள் நாலு பேரை உன் மச்சான் கூட்டி வந்தார். பஞ்சவர்ணம் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு உன் சீட்டில் உட்கார்ந்தாள். தள்ளினார்கள். ஒரு தரம் விக்கியது. ரெண்டாந்தரம் இருமியது. மூணாந்தரம், சோலை, அந்தச் சத்தம்! தையல் மிஷினும் வள்ளத்து மோட்டாரும் சேர்ந்து பேசுகிற மாதிரி, தடதடவென்று. நான் கொல்லையில் நின்று கைதட்டினேன். ஐம்பத்தெட்டு வயசில், தெருவே பார்க்கக் கைதட்டினேன். பஞ்சவர்ணம் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு இறங்கவே இல்லை. எஞ்சினை மட்டும் அணைய விடவில்லை.

இனிமேல்தான் கேளு. நயினார்கோவில் நேர்த்திக்காக ரெண்டு வீட்டிலும் எட்டு நாளாக மீன் கிடையாது. கடற்கரையில் இருந்துகொண்டு எட்டு நாள்! அந்த எட்டாம் நாள் சாயங்காலம் நாங்கள் பலகாரம் சுடுகிற மும்முரத்தில் இருந்தோம். உன் மச்சான் கொல்லையில் என்னமோ செய்துகொண்டிருந்தார். யாரும் கவனிக்கவில்லை.

காலையில் ஏறினோம். பஞ்சவர்ணம் ஓட்ட, பக்கத்தில் நான், மடியில் மாரி. பின்னால் இருக்கிற இத்துனூண்டு சீட்டில் உன் மச்சான், முழங்கால் ரெண்டும் காதைத் தொட. காளியும் மாப்பிள்ளையும் முந்தின நாளே பரமக்குடி போய்விட்டார்கள். வீட்டைத் தாண்டும்போது பஞ்சவர்ணம் சொன்னாள்: "கோயில் வந்ததும் நான் இறங்கி அந்தாண்ட போயிருதேன் மதினி. நல்ல காரியத்துல என் மூஞ்சி வேண்டாம்." நான் மாரியின் பாவாடையை இழுத்துச் சரிசெய்தேன்.

ராமநாதபுரம் நெருங்கும்போது காருக்குள் ஒரு வாசம் வந்தது. நல்ல வாசம்தான், அதுதான் பயமாக இருந்தது. சுறா வறுக்கிற வாசம். அப்புறம் வெள்ளையாகப் புகை, காலடித் துவாரத்திலிருந்து குப்புகுப்பென்று. குளிர்நாட்டுக்காரன் எஞ்சின் சூட்டைக் காருக்குள் கொண்டுவர வழி வைத்திருக்கிறானாம். நுவரெலியாவுக்கு அது வேணும், ராமநாதபுரத்துக்கு எதுக்கு? அதை மூடுகிற திருகு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது.

"அண்ணே, எஞ்சின்ல என்ன தடவுனீங்க?" என்று பஞ்சவர்ணம் திரும்பாமலே கேட்டாள்.

உன் மச்சான் பின்னாலிருந்து பெருமையாகச் சொன்னார்: "சுறா எண்ணெய்தான். புது வேலை செஞ்ச எதையும் எண்ணெய் காட்டாம நான் வெளிய அனுப்புனதில்ல. அடியில படுத்துத் தலையில இருந்து வால் வரைக்கும் தடவிருக்கேன். அந்த எஞ்சின்ல செவுள் மாதிரி அடுக்கடுக்காத் தகடு இருக்குல்ல, அதுக்குள்ளயும் விரலை விட்டுத் தடவிருக்கேன்."

அம்பது தோணி இறக்கின கை அது. ஒரு தோணிக்கும் எஞ்சின் சூடு கிடையாது என்று யார் அவருக்குச் சொல்வது?

ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். கேட்டு மூடியிருந்தது, நின்ற இடத்தில் எஞ்சின் அணைந்துவிட்டது. நாய் ரெண்டும் பூனை ஒன்றும் காரைச் சுற்றி வந்தன. கேட்டுக்காரர் எட்டிப் பார்த்து, காருக்குள்ள அடுப்பா வச்சிருக்கீங்க என்று கேட்டார். பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து, வறுவல்ல பங்கு கொடுத்தாத் தள்ளுறோம் என்றார்கள். மாரி நிஜமென்று நம்பி, "வறுவல் இல்ல, ஆமைதான் வேகுது," என்றாள். அதுக்காகவே தள்ளினார்கள்.

எமகண்டத்துக்குக் கொஞ்ச நேரமே இருக்கையில் நயினார்கோவில் வாசலில் போய் நின்றோம். அங்கன ஜமுக்காளம் விரித்து, பட்டு வேட்டியில் மில்லுக்காரர் தயாராக உட்கார்ந்திருந்தார். சம்பந்தி எழுந்து வந்தார். ரெண்டடி வந்ததும் மூக்கைச் சுருக்கினார்.

"என்ன சம்பந்தியம்மா இது, கோயில் வாசல்ல கவுச்சி?"

"வாசல்ல வந்து நின்னாப் போதும்னுதானே சொன்னீங்க," என்றேன்.

அவர் காரைச் சுற்றி வந்தார். குனிந்தார். எட்டு நாளாக மீன் பார்க்காத மனுஷன், கண்ணை மூடி ஒரு தரம் இழுத்தார். பிறகு உன் மச்சானிடம் மெதுவாகக் கேட்டார்: "சுறாவா, திருக்கையா?"

"சுறா. பால்சுறா," என்றார் இவர்.

சம்பந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசலில் வேண்டாம், குளத்தங்கரையில் காத்துக்குக் கீழ்ப்பக்கம் நிறுத்துங்க, ஆசாரி அங்கன வருவார் என்றார். ஒருத்தர் எஞ்சின் மேல் ஊற்ற குடத்தில் தண்ணீரோடு ஓடிவந்தார். பஞ்சவர்ணம் கையை நீட்டித் தடுத்தாள், சூட்டுல தண்ணி பட்டா எஞ்சின் விரிசல் விட்டுரும் என்று. காரை ஓட்டிப்போய் நிறுத்தினாள். இறங்கி, சொன்னபடியே வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

மாரியை உன் சீட்டில் உட்கார வைத்தேன். ஸ்டியரிங்கை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு வந்தவர் நின்றுவிட்டார்.

"வெறுஞ்சீட்டுல வச்சுக் குத்தமுடியாது தாயி. புள்ள தலையை ஆட்டுனாக் காது கிழிஞ்சிரும். மடி வேணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெல்ட்டுக்கு அலைந்தேன், ரப்பருக்கு அலைந்தேன். சீட்டு, மடி ஆகாது என்று இந்த நாற்பது நாளில் ஒரு தரம்கூட யோசிக்கவில்லையே. மில்லுக்காரர் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். ஊரெல்லாம் பார்க்க நான் சொன்ன சொல்லு என் கண் முன்னாலேயே போகிறது.

மாரி மரத்தைப் பார்த்துக் கத்தினாள்: "காரு அம்மாச்சி, வா. நீ ஓட்டு."

எனக்குக் காலையில் வராத பதில் அப்போது வந்தது. "வர்ணம், இங்கன வா. அவன் சீட்டுல வந்து உக்காரு."

பொம்பளைகள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தாலி இல்லாதவ மடியிலயா என்று யாரோ சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. பஞ்சவர்ணம் நகரவில்லை. நான் சம்பந்தியைப் பார்த்துச் சொன்னேன்: "மாமன் மடி வேணும்னீங்க. மாமன்ல பாதி நெருப்புல போயிருச்சு. மீதிப் பாதி அந்த மரத்துக்குப் பின்னால நிக்குது. அதுதான் இந்தக் காரை இங்கன கொண்டாந்துச்சு."

அவர் மில்லுக்காரரைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்து, "வாங்க தங்கச்சி, நேரமாகுது," என்றார்.

வந்தாள். உன் சீட்டில் உட்கார்ந்தாள். மாரியை மடியில் தூக்கி வைத்து, தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்தாள். ஆசாரி கதவு வழியாகக் குனிந்து குத்தினார். மாரி அலறினாள், ஆனால் ஸ்டியரிங்கை விடவில்லை. மறு காதுக்கு முன்னால் விசும்பிக்கொண்டே, காரு போகுமா என்று கேட்டாள். போகும் என்றாள் பஞ்சவர்ணம். அந்த ஒரு சொல்லுக்குள் மறு காதும் குத்தி முடிந்தது. மில்லுக்காரர் என் பக்கத்தில் வந்து, நல்லவேளை, என் பட்டு வேட்டி தப்பிச்சது என்றார். நல்ல மனுஷன்தான் அவரும்.

திரும்பும்போது சம்பந்தி காரில்தான் வருவேன் என்று ஒரே அடம். உன் மச்சானைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு அந்தப் பின்சீட்டில் மடங்கி உட்கார்ந்து வந்தார். வீட்டில் சுறாப்புட்டு மூணு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

இன்னொரு சேதி. உன்னிடம் முதலில் சொல்லணும் என்று யாரிடமும் வாய் திறக்காமல் வைத்திருக்கிறேன். காளி மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள்.

அதனால் கேட்டுக்கோ. பேட்டரி வந்ததும் மாட்டிவிடுவோம். அந்தச் சூட்டுத் திருகை நானே மண்ணெண்ணெய் விட்டு இளக்கி மூடுவேன். ஐப்பசி மழைக்கு முன்னால் பலகைக்குப் புதுப்பஞ்சு வைக்கச் சொல்வேன், எண்ணெய்ச் சட்டியை மட்டும் எஞ்சின் பக்கம் அண்டவிட மாட்டேன். வருகிற பிள்ளைக்கும் உன் சீட்டுதான், உன் பொண்டாட்டி மடிதான். யாரு வந்து என்ன முறை சொன்னாலும் சரி. இப்போதும் அவள் காருக்கு அடியில் படுத்து என்னமோ தட்டிக்கொண்டிருக்கிறாள். கால் மட்டும்தான் வெளியே தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதி முடிக்கிறேன்.

உன் காலைப் பார்த்துச் சரி என்று சொன்ன,
உன் அக்கா
முத்திருளாயி